சம்பந்தி வீட்டு டிகாஷன்

புரட்டாசி 4, வியாழன்

மூட்டம். மழை இல்லை. நகரியில் எட்டு மணி பஸ், புத்தூரில் ஆள் நிரம்பும் வரை நிறுத்தி, திருப்பதி வந்து சேரும்போது உச்சி வேளை. பிரம்மோற்சவக் கூட்டம். பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே மூட்டையோடு நின்றேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே போய்விடும். ஆட்டோவில் தனியாக வந்தேன்.

கொண்டு வந்தவை: புழுங்கல் அரிசி, முருங்கைக்கீரை, தீபாவுக்கு நைட்டி இரண்டு, பழைய வேட்டி துவைத்துக் கிழித்த துணி (பிள்ளை பிறக்கும் முன் புதுசு வாங்குவதில்லை), திருத்தணி விபூதி, இந்த நோட்டு.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதுதான் முறை. பஸ் வேண்டாம், கார் வேண்டாம், படுத்தே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் முறை மாறி நான் மகளின் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இதற்கு முன் இரண்டு தடவை மூன்றாம் மாசத்திலேயே நழுவிப் போனது. இது ஒன்பதாம் மாசம். பி.பி. மட்டும் ஏறி இறங்குகிறது.

தீபாவுக்குக் கால் வீங்கி இருக்கிறது. முகம் தெளிவு.

சம்பந்தியம்மாவை இதில் ச.அ. என்று எழுதுகிறேன். நோட்டு திறந்து கிடந்து யாராவது பார்த்தால் சங்கடம்.

வந்து உட்காரும் முன் ச.அ. கையில் காபி டம்ளர். பஸ்ஸில் வந்தது ஒரு மாதிரி இருக்கிறது, அப்புறம் என்றேன். இன்றைக்கு அந்தச் சாக்கு ஓடியது.

புரட்டாசி 5, வெள்ளி

காலையில் தூறல். பூ முழம் விலை கேட்டுத் திரும்பி வந்தேன். செம்பருத்தி எதிர்வீட்டில் கேட்டுப் பறித்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் வேண்டிக்கொண்டது பற்றி. முடி கொடுக்கலாம் என்றுதான் போனேன். வரிசையில் நிற்கும்போது தோன்றியது: முடி மறுபடி வளர்ந்துவிடும், எனக்கு என்ன குறைந்தது. எதை விட்டால் தினமும் உறைக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். காபி. தீபாவுக்குக் குழந்தை நல்லபடி பிறக்கும் வரை வாயில் வைப்பதில்லை, யாரிடமும் சொல்வதும் இல்லை என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலன் போய்விடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். எழுதுவது சொல்வதில் சேருமா, தெரியவில்லை. எழுதியாகிவிட்டது.

முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியது என்று சொல்வதும் பொய். எங்கள் வீட்டுக்காரரிடம் நெஞ்செரிச்சல் என்றேன். அவர் எதையும் நம்புவார்.

இங்கே அப்படி இல்லை. சம்பந்தி வீட்டில் காபி வேண்டாம் என்றால் அது காபியோடு நிற்காது.

இன்று காலை கூடத்தில் வைத்து நீட்டினார். பித்தம், ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். உள்ளறையிலிருந்து தீபா: "எங்கம்மாவா? காபி குடிக்கலன்னா எங்கம்மாவுக்குக் கண்ணே தெரியாது அத்தை."

ச.அ. டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி வுடுங்க சம்மந்தி. எங்க ஊட்டு காபி அப்டித்தான்."

அந்த 'அப்டித்தான்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று நகரி மண்டபத்தில் நாங்கள் கொடுத்த காபியை மாப்பிள்ளை வீட்டார் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே ஹோட்டலுக்கு ஆள் அனுப்பினார்கள். இரண்டு பெரிய ஃபிளாஸ்க், பச்சை மூடி. நான் அதையெல்லாம் அன்றைக்கே மறந்துவிட்டேன். ச.அ. மறக்கவில்லை. நான் பழி தீர்க்கிறேன் என்று நினைக்கிறார்.

புரட்டாசி 6, சனி

முதல் சனிக்கிழமை. விரதம். மதியம் ஒரு வேளைச் சாப்பாடு.

காலையில் சமையலறையில் கீரை ஆய்ந்தபடி ச.அ. காபி போடுவதைப் பார்த்தேன். பார்த்தவரை:

பொடி நல்ல பொடி. ஃபில்டரின் மேல் டப்பாவில் தாராளமாகப் போடுகிறார். குடை வைத்து லேசாகத்தான் அமுக்குகிறார். தண்ணீர் கொதித்ததும் ஊற்றாமல் கொஞ்சம் அடங்க விட்டு, சுற்றி ஊற்றுகிறார். நானும் அப்படித்தான். டிகாஷன் திக்காக இறங்குகிறது. வாசனை கூடம் வரைக்கும். இதுவரை ஒரு குறையும் இல்லை.

பிறகு கெடுக்கிறார். அந்த டிகாஷனை ஒரு கிண்ணத்தில் விட்டு நேராக அடுப்பில். கொதித்து விளிம்பெல்லாம் கறுத்து வந்த பிறகுதான் பாலில் கலக்கிறார். சூடு இருக்க வேண்டுமாம். இறங்கின வாசனையெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது, கசப்பு மட்டும் டம்ளருக்கு வருகிறது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் போதும்.

சொல்ல நாக்கு நுனி வரை வருகிறது. குடித்துவிட்டுச் சொன்னால் யோசனை. குடிக்காமல் சொன்னால் திமிர்.

எனக்கு வைத்த டம்ளர் மூடி போட்டு அப்படியே இருந்தது. சாயங்காலம் ஆடை கட்டிய காபியை ச.அ. எடுத்துத் தொட்டியில் கொட்டினார். சத்தம் வரும்படி.

புரட்டாசி 8, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

மாப்பிள்ளை வரும் வழியில் ரேணிகுண்டாவில் இறங்கி வேறு பொடி வாங்கி வந்தார், அம்மா சொன்னாளாம். அரைத்த சூடு இன்னும் பாக்கெட்டில். ச.அ. பிரித்து என் மூக்கருகே கொண்டு வந்தார். "வாசனை பாருங்க சம்மந்தி. இது சிக்கிரி கம்மி."

பார்த்தேன். வாசனை பார்ப்பது வேண்டுதலில் சேராது என்று வைத்துக்கொண்டேன். கண் தானாக மூடிக்கொண்டது. ச.அ. அதைப் பார்த்துவிட்டார்.

"இத்துல போட்டா குடிப்பீங்கல்ல?"

"பித்தம் எறங்கட்டும்ங்க."

"எறங்கும் எறங்கும்" என்று பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு மூடினார்.

தீபாவுக்குச் சாயங்காலம் 140/90. ச.அ. மாத்திரை நேரத்தைச் சரியாகக் கவனித்துக் கொடுக்கிறார், அதைச் சொல்ல வேண்டும். கால் பிடித்து விடுவதும் அவரே.

புரட்டாசி 9, செவ்வாய்

நகரியிலிருந்து போன். நான் இல்லாததால் எங்கள் வீட்டுக்காரர் தானே காபி போடக் கிளம்பியிருக்கிறார்.

"இன்னாடி இது, ஒரு சொட்டு கூட எறங்க மாட்டேங்குது. அரை மணியா தட்டிக்கினு கீறேன்."

"பொடிய அமுக்கினீங்களா?"

"நீதான அமுக்கச் சொன்ன."

"லேசா அமுக்கச் சொன்னேன்."

"லேசாத்தான். உலக்கையாலயா குத்தினேன்?"

மேல் டப்பாவை ஒரு சுற்றுத் தூக்கிக் காற்று போக விடுங்கள், இறங்கும் என்றேன். நாளை பொடியைக் கொட்டிவிட்டு அதன் அடியை அடுப்புத் தீயில் காட்டுங்கள், துளைக் கண்ணில் அடைத்த தூள் எரிந்துவிடும் என்றேன். சோப்புப் போட வேண்டாம் என்றும்.

"இம்மா வேலையா இதுக்கு" என்றார். முப்பத்தோரு வருஷமாக டம்ளரை மட்டும் பார்த்தவர்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ச.அ. எல்லாம் கேட்டிருக்கிறார். புருஷனுக்குப் போன் போட்டுக் காபி சொல்லித் தருகிறாள், நம் வீட்டுக் காபியை மட்டும் தொட மாட்டாள். முகத்தில் எழுதியிருந்தது.

ரசம் இன்று நன்றாக அமைந்தது.

புரட்டாசி 11, வியாழன்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டு டி.வி.யில் மலைமேல் வாகன சேவை காட்டினார்கள், சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே சப்பாத்தி தேய்த்தேன்.

பித்தளை ஃபில்டர் ஒன்று வந்திருக்கிறது. புதுசு. பளபள. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் பொடி, புதுப் பொடி, பாக்கெட் பால் போய்ப் பசும்பால், இப்போது பித்தளை. எல்லாவற்றையும் மாற்றுகிறார். அடுப்பில் கொதிக்க வைப்பதை மட்டும் மாற்றவில்லை.

மதியம், மழைக்கு மாடிப்படி மேல் ஒதுக்கி வைத்த வற்றலை எடுக்கப் போனபோது ச.அ. கீழ்ப்படியில் நின்று தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். எனக்குப் புரியாது என்று நினைத்தாரோ, புரியட்டும் என்று நினைத்தாரோ.

"நோட்லோ பெட்டலேது, வாயில கூட வெக்கல. விஷம் கொடுக்கற மாதிரி பாக்கறாங்க. எட்டு நாளா நானும் மாத்தி மாத்தி போடறேன், நாக்கு இன்னா பட்டு நாக்கா. சாப்பாடு மட்டும் எறங்குது, அது மகளுக்காக வந்துக்கினு கீறாங்க இல்ல."

வற்றலோடு கீழே வந்தேன். எனக்குப் பாதி தெலுங்கு என்ன, முழுத் தெலுங்கும் புரியும். பிறந்ததே சத்தியவேடு.

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

புரட்டாசி 13, சனி

இரண்டாவது சனி. அடுத்த சனி இந்த வீட்டில் பெருமாளுக்குத் தளிகை. இப்போதே பித்தளைப் பாத்திரங்கள் புளி போட்டுத் தேய்த்தாயிற்று.

மாப்பிள்ளைக்கு விடுமுறை. நல்ல பிள்ளைதான், ஆனால் பேசுவது தெரியாது. "அத்தை, இன்னிக்கு நீங்க காபி போடுங்களேன். தீபா எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பா."

ச.அ. எழுந்து இடம் விட்டார்.

போட்டேன். சாமிக்குச் செய்யும் சமையலில் உப்புப் பார்ப்பது கிடையாது, கை அளவுதான். அதுபோலத்தான் இதுவும். டம்ளரில் முதலில் சர்க்கரை, மேலே டிகாஷன், அதன் மேல் கொதி அடங்காத பால், ஒரே ஆற்றல். ஆற்றும்போது விரலில் ஒரு சொட்டு தெறித்தது. நக்கப் போன கையை இழுத்துக் குழாயில் கழுவினேன். அதற்குப் பிறகும் ஒரு முறை கழுவினேன். ச.அ. வாசற்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்து, "அத்தை, இது வேற லெவல்" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்கிற பேச்சா இது. ச.அ. தன் டம்ளரை முழுக்கக் குடித்தார். கழுவிக் கவிழ்த்தார். "நல்லா கீது" என்றார். நல்லா கீது என்று ஒருவர் அவ்வளவு வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நகரி போன்: டிகாஷன் இறங்கிவிட்டதாம். "உன்னுத விட நல்லா கீது."

புரட்டாசி 15, திங்கள்

டாக்டரம்மாவிடம் போய் வந்தோம். 150/100. குழந்தை துடிப்பு நன்றாக இருக்கிறது. இன்னும் ஏறினால் இப்போதே எடுக்க வேண்டி வரும், எடை போதாது, கூடிய மட்டும் தள்ளிப் போடலாம் என்றார். "இன்ட்லோ டென்ஷன் ஏமைனா உந்தா?" என்று கேட்டார். வீட்டில் ஏதாவது மனஸ்தாபம் உண்டா என்று. நான் சுவரைப் பார்த்தேன். ச.அ. கைப்பையைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம்.

மதியம் ச.அ. கடைக்குப் போனபோது தீபா கூப்பிட்டாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஒரு டம்ளர் காபிதானம்மா. குடிச்சா உனக்கு இன்னா போவுது?"

போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"கல்யாணத்துல நடந்ததுக்கு இப்ப வந்து காட்டறியா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு? சொல்லு. நீ பிரசவம் முடிஞ்சா ஊருக்குப் போயிடுவ. நான் இங்கதான இருக்கணும். அவங்க ராத்திரி பகல்னு பாக்காம எனக்கு செய்யறாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசாம நடக்கறது எனக்கு இங்க படுத்திருந்தா கேக்குதும்மா. பாத்திரம் வெக்கற சத்தத்துலயே தெரியுது."

அழுதாள். கண்ணைத் துடைத்தேன், கையைத் தட்டிவிட்டாள்.

சாமி அலமாரி முன் உட்கார்ந்தேன். குடித்தால் முருகனுக்குக் கொடுத்த வார்த்தை போகும். காரணத்தைச் சொன்னால் பலன் போகும். இப்படியே இருந்தால் இவளுக்கு ரத்தம் ஏறும். எந்தப் பக்கம் போனாலும் போய் இடிப்பது அந்தப் பிள்ளை மேல்தான். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. வேல் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தேன்.

துவரம்பருப்பு தீரப் போகிறது.

புரட்டாசி 17, புதன்

இன்று எனக்கு டம்ளர் இல்லை.

மூன்று டம்ளர்தான் எடுத்தார். தனக்கு, மகனுக்கு, இன்னொன்று வேலைக்கு வருகிற அம்மாளுக்கு. எனக்கு என்று தினமும் வைத்து, தினமும் கொட்டிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. கொட்டப்படுகிற காபியாவது எனக்கென்று ஒன்று இருந்தது.

பேச்சு: "உப்பு எங்க?" "மேல் தட்டுல." "கேஸ் சின்னதா வெச்சிருக்கேன்." அவ்வளவு.

146/96.

குடித்துவிடலாம் என்று இன்று முடிவு செய்தேன். பத்து மணிக்குச் செய்த முடிவு, பதினொரு மணிக்கு மாற்றினேன். இரண்டு தடவை நழுவினது ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தட்டை மூடி எடுத்துப் போனாள். அந்த மூடி.

குடிக்க மாட்டேன்.

புரட்டாசி 19, வெள்ளி

நாளை தளிகை. காலை முதல் வேலை. புளிக்காய்ச்சல், வடைக்கு உளுந்து, மாவிளக்குக்கு அரிசி இடித்தது, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறப் போட்டது. துளசி மாலை சொல்லியாயிற்று.

வேலை இருந்தால் மனுஷர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டி வருகிறது. ச.அ. கிரைண்டர் பக்கம், நான் தொட்டிப் பக்கம். முதுகோடு முதுகு.

ச.அ. திரும்பாமலே பேச ஆரம்பித்தார். யாரிடம் என்று முதலில் தெரியவில்லை.

"இவனுக்கு ஆறு வயசுல ஃபிட்ஸ் வந்துது. ஒரு வருஷம் நான் செருப்பு போடல."

கை நின்றது எனக்கு.

"ரோடு, வெயிலு, மார்க்கெட்டு, எல்லாம் வெறுங்காலு. அவங்கப்பா ஊரு சிரிக்குதுன்னு திட்டனாரு. எங்க மாமியாரு, மருமவளுக்கு செருப்பு கூட வாங்கித் தரலன்னு நான் ஊருக்கு காட்டறேன்னு சொல்லி என்னோட பேசறதையே வுட்டுட்டாங்க. எதுக்குன்னு நான் எவ கிட்டயும் சொல்லல. சொல்லக் கூடாதுல்ல."

கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. மாவை வழித்துவிட்டார்.

"இப்ப எதுக்கு சொல்றேன்னா, சும்மாதான். கையில தெறிச்ச ஒரு சொட்ட எவ ரெண்டு தபா கழுவுவா. கடலைய அலசிட்டீங்களா?"

"அலசிட்டேன்" என்றேன்.

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. கடலையை மறுபடி ஒரு தடவை அலசினேன்.

புரட்டாசி 20, சனி

மூன்றாவது சனி. விடியற்காலை மழை விட்டது. தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு மாக்கோலம்.

இலையில் வரிசை: புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல், பானகம். நடுவில் மாவிளக்கு இரண்டு. ஒன்றிலும் உப்பு பார்க்கவில்லை, பொங்கலில் மட்டும் நெய் கொஞ்சம் அதிகம் என்று பார்வையிலேயே தெரிந்தது.

தீபாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். கற்பூரம் ஏற்றப் போகும் சமயம் ச.அ. ஒரு நிமிஷம் என்று உள்ளே போனார். வரும்போது கையில் டபரா டம்ளர். ஆவி பறக்கிறது. இலை ஓரத்தில், பானகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாப்பிள்ளை: "என்னம்மா, பெருமாளுக்குக் காபியா?"

"ஏன், கூடாதா? காலையிலருந்து எல்லா ஊட்லயும் புளியோதரை துன்னா அவருக்கு மட்டும் நெஞ்சு கரிக்காதா?"

தீபா சிரித்தாள். இந்தப் பதினாறு நாளில் அவள் சத்தமாகச் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

கோவிந்தா சொன்னோம். தெருவிலும் யாரோ கூடச் சொன்னார்கள். கற்பூரம் அணைந்ததும் ச.அ. முதலில் துளசித் தீர்த்தம் கொடுத்தார். பிறகு அதே உத்தரணியைத் துடைத்து டம்ளரில் விட்டு எடுத்தார்.

"கைய நீட்டுங்க சம்மந்தி. பிரசாதம்."

பிரசாதத்தை வேண்டாம் என்பது பாவம். கொடுத்த வார்த்தையை மீறுவதும் பாவம். இரண்டும் ஒரே உத்தரணியில். ச.அ. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நீட்டிய உத்தரணியை இறக்கவும் இல்லை. நான் கை நீட்டாவிட்டால் இந்த வீட்டில் இனி யார் முகத்தில் யார் விழிப்பது என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

நீட்டினேன். இடது கை தாங்கி, வலது கை குழித்து. கண்ணில் ஒற்றி வாயில் விட்டுக்கொண்டேன். மீதியை வழக்கப்படி தலையில் தடவிக்கொண்டேன். தடவின பிறகுதான் உறைத்தது, இது தீர்த்தம் இல்லை, பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி.

டிகாஷன் கொதித்திருந்தது. கசப்பு.

இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

ச.அ. டம்ளரை எடுத்து மீதியைத் தான் குடித்தார். "பெருமாளு மிச்சம்" என்றார். எல்லோருக்கும் இலை போட்டோம்.

மீறினேனா இல்லையா, திருத்தணி போய்த்தான் கேட்க வேண்டும். ஒரு உத்தரணி அளவு, கணக்கில் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் 136/88. தலை பிசுபிசு என்று இருக்கிறது, எறும்பு வருமோ என்னவோ. குளிக்க மனசில்லை. குனிந்தால் காபி வாசனை.

புரட்டாசி 21, ஞாயிறு

வெயில். மிச்சப் புளியோதரை.

மத்தியானம் ச.அ. பாத்திரம் அடுக்கிக்கொண்டே, "நேத்து கசப்பா இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுங்க."

"எதுல?"

சொன்னேன். டிகாஷனை அடுப்பில் நேராக வைக்க வேண்டாம், வெந்நீருக்குள் கிண்ணத்தை வையுங்கள், மற்றதெல்லாம் என்னைவிட உங்கள் கை பக்குவம் என்றேன். கடைசியாகச் சொன்னது முகஸ்துதி இல்லை.

"இத்த மொத நாளே சொல்லக் கூடாதா? பித்தள ஃபில்டர் வேற வாங்கிப்புட்டேன்."

"குடிக்காதவ எப்படி சொல்றது?"

"அதுவும் நாயம்தான்" என்றார். கடைசி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, "எங்க அண்ணன் அன்னிக்கு மண்டபத்துல பண்ணது தப்பு. நான் தடுத்திருக்கணும்" என்றார். எப்போதோ மறந்துபோனது என்றேன். பச்சை மூடி ஃபிளாஸ்க்கைப் பற்றிப் பேசவில்லை.

130/84. தீபா பகல் முழுக்கத் தூங்கினாள். பாத்திரம் வைக்கிற சத்தம் இனி கேட்காது என்று நினைக்கிறேன்.

நகரி போன்: பொடி தீர்ந்துவிட்டதாம், எந்தக் கடை என்று கேட்டார். எந்தக் கடை என்று தெரியாமல் முப்பத்தோரு வருஷம்.

புரட்டாசி 23, செவ்வாய்

நேற்று சாயங்காலம் வலி. மாப்பிள்ளை கம்பெனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரி வந்தார். இன்று காலை எட்டேகால், பெண் குழந்தை. 2 கிலோ 600. சுகப் பிரசவம். தாய்க்கு பி.பி. கட்டுக்குள். அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் புறப்பட்டுவிட்டார்.

நட்சத்திரம் பார்க்க வேண்டும். நர்ஸுக்கு, ஆயம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது தனியே எடுத்து வைத்தேன். பழைய வேட்டித் துணி போதவில்லை, ச.அ. தன் சேலையைக் கிழித்தார்.

பத்து மணிக்கு ச.அ. வீட்டுக்குப் போய்க் குளித்து, ஃபிளாஸ்க்கோடு வந்தார். வராந்தா பெஞ்சில் இரண்டு பேப்பர் கப். ஊற்றும்போதே தெரிந்தது, அடுப்பில் வைக்கவில்லை. வாசனை அப்படியே முழுசாக இருந்தது.

"இப்பவாவது?" என்றார்.

"திருத்தணிக்குப் போய் அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேங்க" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது.

"அதுவும் சரிதான்" என்று தன் கப்பைக் குடித்து முடித்தார். என்னுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போகும் என்று அதையும் எடுத்துக் குடித்தார்.